அடிநாதமும் தன் பிழை காண்டலும்

வாத்தியக் குழுவில் பேஸ் கிதார் வாசிப்போன் பிழைபடின், சபையோர் பெரும்பாலும் அவனைக் குறை கூறார். பாட்டே தளர்ந்ததென்று எண்ணுவர். காரணம் யாதெனின், மேலொலிக்கும் ஸ்வரங்களின் பொருள் அடிநாதத்தைப் பற்றி நிற்பதேயாம். சங்கராபரணத்தின் ஸ, க, ப என்னும் மூன்றன்கீழ் ஷட்ஜம் ஒலிக்கையில் தோன்றும் தெளிவு, தைவதம் ஒலிப்பின் சோகமாய் மாறும்.

மெட்டில்லாத டபுள் பேஸிற் போலன்றி, 1951ஆம் ஆண்டில் லியோ பெண்டர் வெளியிட்ட பேஸ் கிதாரில் மெட்டுகள் அமைந்தமையால் சுருதிப் பிசகு அரிதாயிற்று. எனினும், தாளத்தில் முந்துதலும் பிந்துதலும் மெட்டுகளால் நீங்குவன அல்ல. ஆதலின், இக்கருவியைப் பயிலும் யான், மேடையில் என் செவியைக் காலால் அடிக்கப்படும் பெரிய டிரம்மின்மீதே வைப்பேன். கழிந்த ஸ்வரத்தை அங்கே ஆராயப் புகின் வரும் ஸ்வரமும் கெடும்.

ஆராய்ச்சி மறுநாள் ஒலிப்பதிவைக் கேட்டலுக்கு உரியது. மேடையில் மலையெனத் தோன்றியது அதில் துரும்பாதலும், உணராது கடந்த சிறு விரைவு பாட்டு முழுதும் பரவியிருத்தலும் உண்டு. பிறர் குறை கூறாமை நன்கு வாசித்தமைக்குச் சான்றாகாது என்பது எனது துணிபு.