அக்காவின் மாலை ஃப்ரேமும் ஏஐ போட்ட கணக்கும்

அக்கா வடவள்ளியில் எங்கள் வீட்டு மாடி ரூமில் ரெசின் வேலையும் மெழுகுவத்தியும் செய்கிறாள். இன்ஸ்டாகிராமில் அதற்குப் பேர் "ஸ்டுடியோ". அம்மாவுக்கு அது இன்னமும் துணி காயப்போடுகிற ரூம்தான். கல்யாண மாலையைக் காயவைத்து ரெசினுக்குள் பதித்து ஃப்ரேமாகக் கொடுப்பது, குழந்தையின் முதல் முடியை வைத்து டாலர் செய்வது, கண்ணாடி ஜாடியில் வாசனை மெழுகுவத்தி... இவைதான் சரக்கு. நான் பி.காம். மூன்றாம் வருடம். அதனால் கணக்குப் பார்ப்பவன் என்று வீட்டில் ஒரு நம்பிக்கை (என் மார்க் ஷீட்டை யாரும் சரியாகப் பார்த்ததில்லை :-)).

2025 தீபாவளிக்கு ஒரு மாதம் இருக்கும்போது ஆர்டர் குவிந்துவிட்டது. பாதி நோட்டில், பாதி வாட்ஸப்பில், மீதி அக்காவின் தலைக்குள். "டேய், காலேஜ் அசைன்மெண்ட் எல்லாம் அந்த ஏஐ கிட்டத்தான எழுதி வாங்கற? இதையும் அதுகிட்டக் குடுத்து ஒழுங்கு பண்ணிக் குடு" என்றாள். (அசைன்மெண்ட் விஷயம் பொய். பாதி பொய்.)

முதல் நாள் நிஜமாகவே அசந்துபோனேன். நோட்டைப் படம் பிடித்துக் கொடுத்தேன், மெசேஜ்களைக் கொட்டினேன். அரை மணி நேரத்தில் யார், எந்த ஆர்டர், அட்வான்ஸ் எவ்வளவு, பாக்கி எவ்வளவு என்று ஒரே அட்டவணை. பொருளை வாங்கிக்கொண்டு பாக்கி தராமல் இருந்த நான்கு பேர் அதில் மாட்டினார்கள். மொத்தம் 6,800 ரூபாய். அக்கா மறந்தே போயிருந்தாள்.

அப்புறம் கஸ்டமர்களுக்குப் பதில் எழுதச் சொன்னேன். "தங்களின் மேலான ஆணை பெறப்பட்டது" என்று ஆரம்பித்தது. அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "இதென்றா ரேடியோல நியூஸ் வாசிக்கற மாதிரி இருக்குது?" என்றார்கள். எங்கள் ஊரில் "சரிங்க, செஞ்சு தந்தர்றனுங்க" என்றால்தான் ஆர்டர் நிற்கும். பழைய மெசேஜ் இருபது காட்டிப் பழக்கினேன். ஓரளவு "ங்க" வந்தது.

வேலை நுணுக்கத்தில்தான் வம்பு. ரெசினுக்கு ஹார்டனர் எவ்வளவு என்று கேட்டால் 1:1 என்றது. எந்த ரெசின் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அக்கா வாங்குவது 2:1, அதுவும் எடைக்கு. இரண்டின் அடர்த்தியும் வேறு என்பதால், எடைக்குச் சொன்னதைக் கப்பில் அளந்து ஊற்றினாலே கணக்கு தப்பும். தப்பினால் எத்தனை நாளானாலும் பிசுபிசுப்பு போகாது. மொத்தமாகக் கலக்கினாலும் ஆபத்து, கலவை தானாகவே கொதித்துப் புகைந்துவிடும். உள்ளே மாட்டிய மாலையைத் திரும்ப எடுக்க முடியாது. வேறு மாலை வாங்கிப் போடலாம் என்றால், அது அவர்கள் கல்யாணத்தில் போட்ட மாலை இல்லையே.

ஜிஎஸ்டியிலும் ஒரு சறுக்கல். மெழுகுவத்திக்கு 12% என்று அடித்துச் சொன்னது. 2025 செப்டம்பர் 22 முதல் அது 5% ஆகிவிட்டது. நான் சொன்னதும் "மன்னிக்கவும், நீங்கள் சொல்வது சரி" என்றது. சும்மா 18% என்று சொல்லிப் பார்த்தேன். அதற்கும் "நீங்கள் சொல்வது சரி"!! எங்கள் விற்பனை பதிவு வரம்பான 40 லட்சத்துக்குப் பக்கத்திலேயே இல்லை, ஆனால் பெங்களூருக்கும் பார்சல் போகிறது. வெளிமாநிலம் என்றால் விதி வேறு. அதை ஆடிட்டரிடம் கேட்டுக்கொண்டோம்.

இனி நான் சொல்லவந்த விஷயம். ஒரு மாலை ஃப்ரேமுக்கு அக்கா வாங்கிக்கொண்டிருந்தது 3,000 ரூபாய். ரெசின் 2 கிலோ 1,600, சிலிக்கா ஜெல், தங்க ரேக்கு, ஸ்டாண்ட் எல்லாம் 500, பேக்கிங் 250. ஆக 2,350. ஏஐ "லாபம் 650 ரூபாய், அருமை" என்று பூச்செண்டு கொடுத்தது. அக்காவுக்கும் சந்தோஷம். எனக்குத்தான் இடித்தது. காஸ்ட் அக்கவுண்டிங்கில் முதல் பாடமே மெட்டீரியல், லேபர், அப்புறம் மற்ற செலவு. லேபர் எங்கே? நாங்கள் கொடுக்கவில்லை, அதுவும் கேட்கவில்லை. பூவைப் பிரித்துக் காயவைத்து, அடுக்கி, ஒவ்வொரு அடுக்காக ஊற்றி, தேய்த்து, பாலிஷ் போட எவ்வளவு நேரம் என்று அக்காவிடம் கேட்டேன். "அதெல்லாம் யாரு பாத்தா" என்றாள். ஒரு ஃப்ரேமுக்கு மட்டும் எழுதி வைக்கச் சொன்னேன். 14 மணி நேரம் வந்தது. 650ஐ 14ஆல் வகுத்தால் மணிக்கு 46 ரூபாய். பத்தில் ஒன்று குமிழி விழுந்து வீணாகிறதே, அந்த "நார்மல் லாஸ்" இதில் இல்லை. கரண்ட் பில்லும் இல்லை.

அக்கா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "இத நீ எங்கிட்டச் சொல்லாமயே இருந்திருக்கலாம்" என்றாள். விலையை 4,200 ஆக்கினோம். இரண்டு பேர் விலகினார்கள், மற்றவர்கள் சரிங்க என்றார்கள்.

இந்த வெற்றியில் எனக்குத் தலை கனத்துவிட்டது. மெசேஜ் வந்தால் காப்பி பண்ணி ஏஐக்குக் கொடுப்பேன், அது எழுதியதை அப்படியே அனுப்புவேன். அப்படி ஒரு நாள் ஒரு அக்கா எழுதியிருந்தார்கள்: "அப்பா அம்மா அறுபதாம் கல்யாண மாலை இருக்குதுங்க, ஃப்ரேம் பண்ண முடியுங்களா?" அதற்குக் கீழேயே இன்னொரு மெசேஜ்: "போன மாசம் அப்பா தவறிட்டாருங்க." நான் மேலே இருந்ததை மட்டும் எடுத்தேன். போன பதில்: "ரொம்ப சந்தோஷமுங்க! அப்பா அம்மாவுக்கு எங்க வாழ்த்துகள். ரெண்டு பேரும் இப்ப சேர்ந்து நிக்கற போட்டோ ஒண்ணு அனுப்புங்க, அதையும் உள்ள வெச்சுரலாம்."

அவர்கள் "சரிங்க" என்று மட்டும் போட்டிருந்தார்கள்.

இதை ஏஐ தலையில் கட்ட எனக்கு ஆசைதான். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு அனுப்பியவன் நான். ராத்திரி பத்து மணிக்கு அக்கா பார்த்துவிட்டு என்னைத் திட்டக்கூட இல்லை. உடனே போன் பண்ணினாள். இருபது நிமிஷம் பேசினாள். அதில் ஃப்ரேம் பற்றி ஐந்து நிமிஷம்கூட இருக்காது.

மாலை வந்து சேர்ந்தது. சாமி ரூமில் ஆறு மாதம் தொங்கியது, ரோஜா எல்லாம் கறுத்து, தொட்டால் உதிர்ந்தது. பூவுக்குச் சாயம் ஏற்றலாம் என்று ஏஐ யோசனை சொன்னது. அக்கா அவர்களிடம் கேட்டாள். "வேண்டாங்க, அப்படியே இருக்கட்டுங்க" என்றார்கள். அது ஐப்பசி மழை நேரம். காற்றில் ஈரம் இருந்தால் ரெசின் பால் மாதிரி மங்கிவிடும், அதனால் வெயில் அடித்த நாளாகப் பார்த்து ஊற்றினாள். உதிர்ந்த இதழைக்கூட இடுக்கியால் எடுத்து உள்ளே வைத்தாள்.

வாங்கியது பழைய விலை, 3,000. நான் வாய் திறக்கவில்லை. அட்டவணையில் அந்த வரியில் "நேரம்" என்ற கட்டம் மட்டும் காலியாக இருக்கிறது. ஒவ்வொரு மாதக் கடைசியிலும் ஏஐ அதைச் சிவப்பில் காட்டி, விடுபட்ட தகவலைத் தரும்படி கேட்கிறது. "எத்தனை மணி நேரம்னு போடட்டும்?" என்று நானும் கேட்டுப் பார்த்துவிட்டேன். அக்கா சொல்ல மாட்டேன் என்கிறாள்.