நியூயார்க்கில் ஒரு ட்ரை கிளீனிங் கடை... மறக்க முடியாத ஒரு கடைசி ஆல்பம்!

"ஏன்டி, இவ்வளவு தூரம் வந்துட்டு சுதந்திர தேவி சிலையைப் பார்க்காம, யாராவது ட்ரை கிளீனிங் கடையைப் பார்க்கப் போவாங்களா?"

ஜெர்சி சிட்டியில் இருக்கும் அக்கா கேட்டது நியாயமான கேள்விதான். என் விடுமுறையே பத்து நாள்கள். அதில் ஒரு நாளை ஒரு சலவைக் கடைக்கு ஒதுக்கினால் கோபம் வரத்தானே செய்யும்? ஆனால், ஜர்னலிசம் டிப்ளமோ படித்த நாளிலிருந்து என் பிளேலிஸ்ட்டை விட்டு நகராத ஓர் ஆல்பம் என்னை அங்கே இழுத்தது. 'எ ட்ரைப் கால்டு குவெஸ்ட்' என்ற ஹிப் ஹாப் குழுவின் கடைசி ஆல்பம் அது.

ஜர்னல் ஸ்கொயரில் பாத் ரயில் ஏறி, வேர்ல்டு டிரேடு சென்டரில் 'ஈ' ரயிலுக்கு மாறினேன். அந்த ரயிலின் மறுகோடியில் இருக்கிறது குவீன்ஸ் பகுதியின் ஜமைக்கா சென்டர். அங்கிருந்து கியூ4 பஸ்.

பஸ் லிண்டன் புலவார்டுக்குள் திரும்பியதுமே சினிமாவில் பார்த்த நியூயார்க் காணாமல் போய்விடுகிறது. சின்னச் சின்ன வீடுகள், வாசலில் புல்தரை, தேவாலயங்கள், முடி பின்னிவிடும் சலூன்கள், கரீபியன் சாப்பாட்டுக் கடைகள். இந்த இடத்தின் பெயர் செயின்ட் ஆல்பன்ஸ்.

இதை ஒட்டியிருக்கும் ஆடிஸ்லி பார்க்கில், கறுப்பினத்தவருக்கு வீடு விற்கக் கூடாது என்று ஒரு காலத்தில் பத்திரத்திலேயே எழுதிவைத்திருந்தார்கள். அதே தெருக்களில்தான் பிறகு ஜாஸ் மேதைகள் கவுன்ட் பேஸி, எல்லா ஃபிட்ஸ்ஜெரால்டு, பேஸ்பால் வீரர் ஜாக்கி ராபின்சன் எல்லோரும் வீடு வாங்கிக் குடிவந்தார்கள். இசை இந்த ஏரியாவுக்குப் புதிதல்ல.

192-வது தெரு முனையில் இறங்கினேன். 1991-ல் வந்த 'செக் தி ரைம்' பாடலின் வீடியோவில், ஒரு ட்ரை கிளீனிங் கடையின் மொட்டை மாடியில் நின்று இந்தக் குழுவினர் பாடுவார்கள். கீழே தெருவே திரண்டு நின்று ஆடும். அந்த முனை இதுதான். இப்போது சுவரில் அவர்களின் முகங்கள் ஓவியமாக இருக்கின்றன. நிமிர்ந்து பார்த்தால் பச்சை நிறப் பெயர்ப்பலகை: 'மாலிக் ஃபைஃப் டாக் டெய்லர் வே'.

யார் இந்த ஃபைஃப்? டிரினிடாடிலிருந்து வந்த குடும்பத்தின் பிள்ளை. ஐந்தடி மூன்றங்குல உயரம். அதையே பாட்டில் கிண்டலாகச் சொல்லிக்கொள்ளும் குறும்புக்காரர். குழுவின் இன்னொரு குரலான கியூ-டிப், அவருக்குச் சிறுவயதுத் தோழர். 1990-ல் முதல் ஆல்பம், 1998-ல் ஐந்தாவது. அத்தோடு குழு பிரிந்தது. நடுநடுவே மேடைக்காக ஒன்றுசேர்ந்தாலும், இருவருக்கும் பேச்சுவார்த்தை சரியில்லை. 2011-ல் வந்த ஆவணப்படத்தில் அந்த மனக்கசப்பு அப்படியே பதிவாகியிருக்கிறது.

இன்னொரு பக்கம் சர்க்கரை நோய். 20 வயதை எட்டும் முன்பே ஃபைஃபுக்கு அது வந்துவிட்டது. ஆனாலும் இனிப்பை விட முடியவில்லை என்று அந்தப் படத்தில் அவரே ஒப்புக்கொள்கிறார். அந்தக் காட்சியில் எனக்கு எங்கள் அப்பாதான் தெரிந்தார். ஃபிரிட்ஜில் இன்சுலின் பக்கத்திலேயே மைசூர்பாகு டப்பாவை ஒளித்துவைக்கிற ஆள் அவர். ஃபைஃபுக்கு 2008-ல் அவர் மனைவியே சிறுநீரகம் கொடுத்தார். சில ஆண்டுகளில் மறுபடியும் டயாலிசிஸ்.

2015 நவம்பர் 13 அன்று ஒரு டி.வி நிகழ்ச்சிக்காகக் குழு மீண்டும் மேடையேறியது. அந்த இரவு கொடுத்த உற்சாகத்தில், 'இன்னொரு ஆல்பம் செய்வோம்' என்று முடிவானது. கியூ-டிப் ஒரு நிபந்தனை வைத்தார். பாடுகிற யாராக இருந்தாலும் நியூஜெர்சியில் இருக்கும் தன் வீட்டு ஸ்டூடியோவுக்கு நேரில் வர வேண்டும். எங்கேயோ பதிவுசெய்து இ-மெயிலில் அனுப்பும் வேலையே கூடாது.

ஃபைஃப் இருந்ததோ கலிஃபோர்னியாவில். நாட்டின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் விமானத்தில் ஏறக்குறைய ஆறு மணி நேரம். டயாலிசிஸ் செய்துகொண்டே அவர் வந்து வந்து பாடினார். பேசாமல் இருந்த தோழர்கள் ஒரே அறையில் உட்கார்ந்து, மீண்டும் ஒருவர் வரியை இன்னொருவர் முடித்துவைத்தார்கள்.

வேலை முடிவதற்குள், 2016 மார்ச் 22 அன்று ஃபைஃப் காலமானார். வயது 45. மற்றவர்கள் அந்த ஆல்பத்தை முடித்து நவம்பர் 11 அன்று வெளியிட்டார்கள். 'வி காட் இட் ஃப்ரம் ஹியர்... தேங்க் யூ ஃபார் யுவர் சர்வீஸ்' என்ற தலைப்பு ஃபைஃப் வைத்தது. அதற்கு என்ன அர்த்தம் என்று மற்றவர்களுக்கே தெரியாது. அவர் வைத்த பெயர் என்பதற்காகவே மாற்றாமல் விட்டார்கள். 18 ஆண்டுகள் கழித்து வந்த ஆல்பம், பில்போர்டு பட்டியலில் நேராக முதலிடம். எட்டே நாளில், நவம்பர் 19 அன்று, இந்தப் பெயர்ப்பலகை திறக்கப்பட்டது. அடுத்த நாள் அவருடைய பிறந்தநாள்.

பலகைக்குக் கீழே நின்று ஹெட்போனை மாட்டினேன். தோழரின் நினைவாக மற்றவர்கள் பாடிய 'லாஸ்ட் சம்படி' ஓடியது. எதிரே ஓர் அம்மா, கவர் போட்ட கோட்டை தோளில் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்காக ஓடினார். சுவரில் இருந்த முகங்களை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவருக்குத் தினமும் பார்க்கிற தெருதானே!

ராத்திரி வீடு திரும்பியதும் அக்கா தோசை வார்த்தபடி கேட்டாள். "அப்படி என்னதான்டி இருந்துச்சு அங்க?"

"ஒரு சுவர், ஒரு பெயர்ப்பலகை."

"இதுக்கா போக ரெண்டு மணி நேரம், வர ரெண்டு மணி நேரம்?"

டயாலிசிஸ் உடம்போடு ஒருவர் ஆறு மணி நேரம் பறந்து வந்து பாடிய கதையைச் சொன்னேன். தோசைக்கரண்டியோடு அப்படியே நின்றாள். பிறகு அடுப்பை அணைத்துவிட்டு, "அப்பா எழுந்திருப்பார்ல? போன் போடு" என்றாள்.