ஆற்றில் விட வந்த சேலைகள்

பாளையங்கோட்டையில் சீவலப்பேரி பஸ் ஏறி, ஒரு பெரிய கட்டைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பக்கத்து சீட் பெரியவர் பையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஜவுளி யாவாரமோ?"

"இல்லீங்கய்யா... அம்மா சேலை."

"அம்மாவுக்கு வாங்கிட்டுப் போறீயளாக்கும். நல்லது, நல்லது."

என்னத்தைச் சொல்ல? அம்மா போய் மூன்று மாதமாகிறது, சேலை மட்டும்தான் மிச்சம் என்று ஓடுகிற பஸ்ஸில் அறிமுகமில்லாதவரிடம் சொல்ல முடியுமா? தலையை ஆட்டிவைத்தேன்.

இந்த ஊருக்குப் போகிறேன் என்று சென்னை ஆபீசில் லீவு கேட்டபோதே, "பாண்டி ஊரா சார்? பத்திரமா போயிட்டு வாங்க!" என்றார்கள். 1994-ல் நெப்போலியன் நடித்து வந்த 'சீவலப்பேரி பாண்டி' செய்த உபகாரம் அது. படம் வந்து முப்பது வருஷம் தாண்டியும் ஊர்ப் பெயரைச் சொன்னால் ஜனங்களுக்கு அரிவாள்தான் ஞாபகம் வருகிறது. பஸ்ஸை விட்டு இறங்கினால் எதிரே ஆடு மேய்க்கிற ஒரு பையனும், டீக்கடை பெஞ்சில் தூங்குகிற ஒரு நாயும்தான் இருந்தார்கள். நாய் ஒரு கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டது.

உண்மையில் இது ஆற்றுக்குப் பேர் போன ஊர். பொதிகையிலிருந்து வரும் தாமிரபரணியும், குற்றாலத்து மலையிலிருந்து வரும் சிற்றாறும் இங்கேதான் சேர்கின்றன. கயத்தாறு பக்கத்திலிருந்து மூன்றாவதாக ஒரு சிறு ஆறும் வந்து கலப்பதால் முக்கூடல். 'முக்கூடற்பள்ளு' பாடிய முக்கூடல் இதுதான் என்பார்கள். (பீடிக்குப் பேர் போன முக்கூடல் வேறே, அது அம்பாசமுத்திரம் பக்கம். என்னை மாதிரி பஸ் மாறி ஏறிவிடாதீர்கள்.) துர்க்கை கோயிலும் சுடலைமாடன் கோயிலும் வெளியூர்க்காரர்களை வரவழைக்கின்றன. கோவில்பட்டிக்காரர்கள் கடலைமிட்டாய் தின்றுவிட்டுக் குடிக்கும் தண்ணீரில் ஒரு பங்கு இங்கிருந்து குழாயில் போவதுதான்.

என்னை வரவழைத்தது அண்ணன். திருச்சியிலிருந்து போனில் உத்தரவு போட்டிருந்தான்.

"செத்தவங்க உடுத்தின துணிய வீட்டுல வெச்சிருக்கக் கூடாதுடா. மூணு ஆறு கூடுற இடத்துல விட்டுட்டு, ஒரு முழுக்குப் போட்டுட்டு, திரும்பிப் பாக்காம வந்துரு."

மொத்தம் 21 சேலைகள். பட்டு இரண்டையும் அக்கா எடுத்துக்கொண்டாள். அதற்கே எங்கள் வீட்டில் ஒரு வாரம் யாரும் யாரோடும் பேசவில்லை. பாக்கி 19 என் மடியில்.

ஆற்றுக்குப் போகும் வழியில்தான் பெரியம்மை வீடு. அம்மாவின் அக்கா. வயது 82. எட்டிப் பார்க்காமல் போனால் ஆயுசுக்கும் பேச்சு வாங்க வேண்டும் என்பதால் நுழைந்தேன்.

"ஏல, வா! என்னலே இப்படி எளைச்சுட்டே? பையில என்ன?"

சொன்னேன். அவள் பையைப் பிரித்து ஒவ்வொன்றாக எடுத்தாள். நீலச் சுங்குடி, அரக்குச் சின்னாளப்பட்டி, மஞ்சளில் பச்சைக்கரை போட்ட கைத்தறி. மோந்து பார்த்தாள். ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை.

பிறகு, "இத ஆத்துல போடச் சொன்ன மகராசன் யாரு?" என்றாள்.

"அண்ணன்தான். சாஸ்திரமாம்."

"பாவநாசத்துல போய் அந்தச் சாஸ்திரத்தப் பாத்துட்டு வரச் சொல்லு அவன!"

பாபநாசத்தைப் பார்த்தவர்களுக்குப் பெரியம்மையின் கோபம் புரியும். குளித்துவிட்டு உடுத்தின துணியை அப்படியே ஆற்றில் விட்டால் பாவம் போகும் என்று யார் கிளப்பினார்களோ, வேட்டி, சேலை, சுடிதார், ஜீன்ஸ் எல்லாம் தண்ணீருக்குள் பாறை பாறையாகச் சுற்றிக்கொண்டு கிடக்கின்றன. தன்னார்வலர்கள் இறங்கி டன் கணக்கில் இழுத்துப் போட்டிருக்கிறார்கள். பருத்தியாவது என்றைக்காவது மக்கும். பாலியெஸ்டர் மக்காது. நம் பாவம் மாதிரியேதான் அதுவும், போவேனா என்கிறது!

"அப்ப என்ன பெரியம்மா பண்ண? வீட்டுல வெச்சா அண்ணன் கத்துவான்."

"கவுதி போடுவோம்" என்றாள்.

பெரியப்பாவுக்கு ஹூப்ளி ரயில்வே பணிமனையில் வேலை. இருபத்தாறு வருஷம் அங்கே இருந்தார்கள். வட கர்நாடகத்தில் வீட்டுக்கு வீடு பெண்கள் பழைய சேலைகளை அடுக்கிப் போர்வை தைப்பார்கள். அதற்குத்தான் கவுதி என்று பெயர். பெரியம்மை பக்கத்து வீட்டு அம்மாளிடம் கற்றுக்கொண்டு வந்தாள். ஊர் திரும்பினதும் இங்கே யாரும் அதைச் சட்டை செய்யவில்லை. நம் ஊர் வெக்கைக்கு மெத்தைப் போர்வை எதற்கு? பத்தமடைப் பாயை விரித்துப் படுத்தால் ஜில்லென்று இருக்கும். "இவளுக்கு ஹூப்ளியில குளிர் ஏறிப்போச்சு" என்று கேலி பண்ணினார்களாம்.

நம் பக்கம் பழஞ்சேலைக்கு வேறு பிழைப்பு. தொட்டில், சும்மாடு, கரித்துணி, விளக்குத்திரி. கோயில் கொடையில் பந்தம் சுற்றவும் பழந்துணிதான். எதற்கும் உதவாவிட்டால் ஏனக்காரரிடம் போட்டு ஒரு ஈயச்சட்டி வாங்கலாம். ஆறு சேலைக்கு ஒரு சட்டி கேட்டு அம்மா அரைநாள் பேரம் பேசினது இன்னும் காதில் நிற்கிறது.

பெரியம்மை திண்ணையில் பாயை விரித்துப் பாடம் ஆரம்பித்துவிட்டாள். ஒரு சேலை அஞ்சரை மீட்டர். அதை மூன்றாக மடித்தால் ஆறடி நீளம், நாலடிக்குச் சற்றே குறைந்த அகலம். ஓர் ஆள் போர்த்துகிற அளவு, கணக்குப் பார்த்து நெய்தது போல! மூன்று மடிப்பும் சேர்ந்து உள்பக்கம். அடியில் இன்னொரு சேலை. மேலே மற்ற சேலைகளிலிருந்து வெட்டின துண்டுகள். பிறகு ஓட்டுத் தையல்தான், வரப்பு மாதிரி வரிசை வரிசையாக. ஓரத்தில் ஆரம்பித்துச் சுற்றிச் சுற்றி நடுவுக்கு வர வேண்டும். நடுவில் ஆரம்பித்தால் துணி தள்ளிக்கொண்டே போய் ஓரத்தில் உப்பிக்கொள்ளுமாம்.

"புதுத்துணிய இதுல கலக்கப்படாது, கேட்டியா. ஒரு தண்ணி பட்டதும் புதுசு சுருங்கும், பழசு சுருங்காது. சண்டை வந்துரும்."

"நம்ம வீடு மாதிரியா பெரியம்மா?"

"வாயப் பாரு!"

நாலு மூலையிலும் துணியை முக்கோணமாக மடித்து மடித்துப் பூ மாதிரி வைத்துத் தைப்பது அவள் வழக்கம். அது எல்லாபூர் பக்கத்திலிருந்து வந்த ஒரு போர்வையில் பார்த்துப் பிடித்துக்கொண்டதாம். எல்லாபூர், ஹளியாள், முண்டகோடு காட்டோரங்களில் சித்தி இன மக்கள் இருக்கிறார்கள். பல நூறு வருஷத்துக்கு முன் போர்ச்சுகீசியர்களும் மற்றவர்களும் ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவந்த மனிதர்களின் சந்ததி. அந்தப் பெண்கள் தைக்கும் 'கவந்தி'யில் மூலைப்பூ இல்லாவிட்டால் போர்வை முழுமையாகாது.

வங்காளத்தில் இதற்கே 'காந்தா' என்று பெயர். பழைய சேலைகளை அடுக்கி, அந்தச் சேலைக் கரைகளிலிருந்தே வண்ண நூலை உருவி, பூவும் யானையும் ரயில் வண்டியும்கூடத் தைத்துவிடுவார்கள். குருசதய் தத் என்ற ஐ.சி.எஸ். அதிகாரி கிராமம் கிராமமாகப் போய்ச் சேகரித்த காந்தாக்கள் கொல்கத்தாவை ஒட்டிய ஜோக்காவில் ஒரு மியூசியமாகவே இருக்கின்றன. 'காந்தா'வும் நம் 'கந்தை'யும் ஒரே சம்ஸ்கிருதச் சொல்லின் பிள்ளைகள்தான். அங்கே கல்யாணச் சீராகிவிட்டது. இங்கே 'கசக்கிக் கட்டு' என்பதோடு நிறுத்திவிட்டோம்.

"அதெல்லாம் சரி பெரியம்மா... போனவங்க துணி, அடுத்தவங்க துணி எல்லாம் ஆகாதுன்னு சொல்லுதாங்களே?"

அவள் ஊசியில் நூல் கோத்துக்கொண்டே, "நீ பொறந்தப்ப உன்ன எதுல வாங்கினோம் தெரியுமா?" என்றாள். "உங்க தாத்தா வேட்டி. இருக்கதுலயே நைஞ்சத தேடி எடுத்தோம். புதுத்துணி பச்சப்புள்ளைக்கு உறுத்தும்லா. அப்புறம் ஆறு மாசம் எங்க அம்மை சேலையில தொட்டில்ல கிடந்தே. அப்ப ஆகும், இப்ப ஆகாதோ?"

பதில் சொல்லத் தெரியவில்லை.

"பழசு கெடையாதுல விசயம்" என்று அவளே தொடர்ந்தாள். 2023 டிசம்பர் 17, 18-ல் கொட்டின மழையை மறந்திருக்க மாட்டீர்கள். காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். ஆற்றுத் தண்ணீர் பெரியம்மை வீட்டுக்குள்ளும் வந்தது. சுவரில் இடுப்பு உயரத்துக்குக் கறை இன்னும் இருக்கிறது. "வடிஞ்ச பொறவு எங்கேருந்தோ ஒரு மூட்டை வந்துது. பிரிச்சா, பட்டன் இல்லாத சட்டை, அழுக்குப் பாவாடை, ஒத்தக் கால் சாக்ஸு. அதுக்கு நான் வெள்ளத்தோடயே போயிருக்கலாம்னு வந்துது."

எனக்குச் சுருக்கென்றது. காரணம் இருக்கிறது. 2005 ஜனவரியில், சுனாமிக்கு அப்புறம், ஆபீசில் துணி வசூல் செய்து நாகப்பட்டினத்துக்கு லாரியில் கொண்டுபோன கோஷ்டியில் நானும் ஒருத்தன். போய்ச் சேர்ந்தால் ரோட்டோரம் முழுக்கத் துணிக் குவியல். எல்லாம் எங்களுக்கு முன்னால் வந்த புண்ணியவான்கள் கொட்டினது. மீனவ ஜனம் குனிந்து தொடவில்லை. முந்தின வாரம் வரை சொந்தப் படகில் போய்ச் சம்பாதித்தவர்கள், எவனோ கழித்துப்போட்டதை ஏன் தொடுவார்கள்? நாங்களும் அதே குவியலில் இறக்கிவிட்டு, போட்டோ எடுத்துக்கொண்டு திரும்பினோம். மூட்டையில் என்னுடைய ஒரு பேண்ட் இருந்தது. ஜிப் வேலை செய்யாது. தெரிந்தேதான் போட்டேன். இருபது வருஷமாக இதை யாரிடமும் சொன்னதில்லை.

அந்தக் குவியல்களை அள்ளிக்கொண்டு போய்த் தரம் பிரித்தது 'கூஞ்ச்' என்ற அமைப்பு. அன்ஷு குப்தா 1999-ல் டெல்லியில் தொடங்கியது. 2015-ல் அவருக்கு மகசேசே விருது கிடைத்தது. கிழிந்த பருத்தியைக்கூட அவர்கள் விடுவதில்லை. துவைத்து, வெட்டி, பெண்களுக்கு மாதாந்திர நாப்கினாகவும் தரைவிரிப்பாகவும் தைத்துவிடுகிறார்கள்.

அதே சுனாமிக்குப் பிறகு ஆரோவில்லில் 'உபாசனா' என்ற ஆடை நிறுவனம், சுற்றுவட்டார மீனவப் பெண்களைக் கூட்டி உட்காரவைத்து, தையலில் மிஞ்சின வெட்டுத்துணியில் விரல் கட்டை அளவு பொம்மை செய்யச் சொல்லிக்கொடுத்தது. பெயர் 'சுனாமிகா'. அதற்கு விலை கிடையாது. சும்மாதான் கொடுப்பார்கள். இஷ்டப்பட்டவர்கள் நன்கொடை தரலாம். அந்தப் பெண்களுக்குக் கூலியும் வந்தது. கடலைப் பார்க்கவே பயந்த கைகளுக்கு ஒரு வேலையும் கிடைத்தது. லட்சக்கணக்கில் உலகம் முழுக்கப் போய்விட்டன அந்தப் பொம்மைகள். நான் கொடுத்ததும் துணி, அவர்கள் கொடுத்ததும் துணி!

சாயங்காலம் பெரியம்மை எழுந்தாள். "கெளம்பு, ஆத்துக்கு."

"சேலைய விடக் கூடாதுன்னீங்களே?"

"யார் சொன்னா? விடணும். தூக்கு பைய!"

முக்கூடலில் வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. தண்ணீர் முழங்கால் ஆழம். ஒவ்வொரு சேலையாகப் பிரித்துத் தண்ணீரில் விட்டாள். ஒரு முனை அவள் கையில். நீலச் சுங்குடி அஞ்சரை மீட்டரும் நீண்டு விரிந்து, ஆற்றோடு கொஞ்ச தூரம் போய் நெளிந்தது. அம்மா குளித்துவிட்டு முன்னால் நடந்து போவது போல இருந்தது எனக்கு. அப்புறம் மெல்ல இழுத்து, முறுக்கிப் பிழிந்து, என் தோளில் போட்டாள்.

"ஆத்துல விட்டாச்சா?"

"விட்டாச்சு."

"திரும்ப எடுக்கப்படாதுன்னு ஒங்க அண்ணன் சொன்னானோ?"

"அத சொல்லல."

பத்தொன்பதும் அப்படியே. கடைசியில் என் தோள் ரெண்டும் கழன்றுவிட்டன. ராத்திரி அண்ணனுக்குப் போன் பண்ணி, "எல்லாத்தையும் ஆத்துல விட்டாச்சு" என்றேன். பொய் இல்லையே!

மூன்று மாதம் கழித்து சென்னைக்குப் பார்சல் வந்தது. ஒரு கவுதி, நாலு மூலையிலும் நாலு பூ. கூடவே மிச்சத் துண்டுகளில் தைத்த சுருக்குப்பைகள், பேரன் பேத்திகளுக்கு ஆளுக்கொன்றாக ஏழு. வெற்றிலை பாக்குக்குப் பதில் என் மகள் அதில் இயர்போன் வைத்திருக்கிறாள். நைலக்ஸ் சேலைகள் கவுதிக்கு ஆகாது, வியர்வையை உறிஞ்சாது என்று அவற்றில் மட்டும் பைகளாகத் தைத்திருந்தாள் பெரியம்மை.

பொங்கலுக்கு அண்ணன் வந்தபோது ஒளித்துவைக்க மறந்துபோனேன். கட்டிலில் கிடந்ததைப் பார்த்தான். கிட்டே போனான். திட்டு விழப்போகிறது என்று நான் அடுக்களைக்குள் நகர்ந்தேன். சத்தத்தையே காணோம். எட்டிப் பார்த்தால், மஞ்சள் துண்டு ஒன்றின் மேல் விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"இது நான் மொத சம்பளத்துல எடுத்துக் குடுத்ததுடா" என்றான்.

"தெரியும்ணே."

"ஆத்துல விட்டேன்னு சொன்னே?"

"விட்டேன். பெரியம்மா திரும்ப எடுத்துட்டாங்க."

அன்றைக்கு ராத்திரி அதைப் போர்த்திக்கொண்டுதான் தூங்கினான். காலையில் திருச்சி பஸ்ஸுக்குக் கிளம்பும்போது அவன் சூட்கேஸ் மூட முடியாமல் பிதுங்கியது. ஒரு மூலையில் துணிப்பூ எட்டிப் பார்த்தது. அக்கா இப்போது அதைக் கேட்டு எனக்குப் போன் மேல் போன் போடுகிறாள்.