மொட்டை மாடியில் ஒரு மூலதனம்

பம்பாய்க்குப் போய்ச் சௌபாத்திக் கடற்கரையைப் பார்க்காமல் திரும்புகிறவர்கள் உண்டோ? (இன்று அந்த நகரின் பெயர் மும்பை, நம் கதை அது பம்பாயாக இருந்தபோது நடந்தது.) சர்னி ரோடு ஸ்டேஷனில் இறங்குவார்கள், கடலைப் பார்ப்பார்கள், பேல்பூரி தின்பார்கள், ரயிலேறி விடுவார்கள். நீங்கள் போகும்போது, கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்குக் கிழக்கே கொஞ்ச தூரம் நடந்து பாருங்கள். அதுதான் கிர்காம்.

சந்து சந்தாகப் பிரியும் பழைய பேட்டை. நீளத் தாழ்வாரமும், அதையொட்டி வரிசையாக ஓர் அறை, இரண்டு அறைக் குடித்தனங்களுமாக நிற்கும் மாடிக் கட்டடங்களுக்கு இங்கே 'சால்' என்று பெயர். நம் ஊர் ஒண்டுக் குடித்தனத்தின் பெரியம்மா என்று வைத்துக்கொள்ளுங்களேன்! பிள்ளையாரை வீட்டுப் பூஜையிலிருந்து வீதிக்கு அழைத்து வந்த பொது உற்சவம், 1893-ல் இந்தக் கிர்காமின் கேசவ்ஜி நாயக் சாலில்தான் பம்பாயில் தொடங்கியது.

ஆனால் நான் உங்களை அழைத்து வந்தது வேறொரு மாடியைக் காட்டத்தான். லோஹாணா நிவாஸ் என்ற குடியிருப்பின் மொட்டை மாடி அது. 1959 மார்ச் 15-ந் தேதி ஏழு குஜராத்திப் பெண்மணிகள் அங்கே கூடினார்கள். அவர்களில் ஒருவர் ஜஸ்வந்திபென் போபட். படிப்பைக் காட்டி உத்தியோகம் தேட வழியில்லை. நகை நட்டும் பெட்டி நிறைய இல்லை. தெரிந்தது ஒன்றே ஒன்று: அப்பளம் இடத் தெரியும்!

சகன்லால் கரம்சி பாரேக் என்ற சமூக ஊழியரிடம் 80 ரூபாய் கடன் வாங்கினார்கள். உளுந்து மாவு, மிளகு, பெருங்காயம் வந்தன. அன்று தேறியவை நான்கே நான்கு பொட்டலங்கள். பக்கத்துப் புலேஷ்வர் கடைத்தெருவில் ஒரு வியாபாரி வாங்கிக்கொண்டார்.

மொட்டை மாடி வியாபாரத்துக்குச் சூரிய பகவான்தான் கூட்டாளி. பம்பாயில் மழை பிடித்தால் அவர் ஊரிலேயே இருப்பதில்லை! முதல் வருஷ மழைக் காலத்தில் நான்கு மாதம் தொழில் அப்படியே நின்றது. கடனோ தலைமேல் இருக்கிறது. வேறு யாராயிருந்தாலும் பலகையையும் குழவியையும் பரணில் ஏற்றியிருப்பார்கள். இவர்கள் மறு வருஷம் ஒரு கட்டிலும் ஒரு ஸ்டவ்வும் வாங்கினார்கள். கட்டிலின் மேல் அப்பளம். கட்டிலின் அடியில் ஸ்டவ். மழை வெளியே கொட்டட்டும், அப்பளம் உள்ளே உலர்ந்தது!

இன்னொரு விஷயம் கேளுங்கள். ஆரம்பத்தில் உசத்தி ஒன்று, மலிவு ஒன்று என்று இரண்டு தினுசு போட எண்ணினார்கள். "தரத்தில் ஒரே பிடியாக இருங்கள், கணக்கைச் சுத்தமாக வையுங்கள்" என்பது பாரேக்கின் யோசனை. உடைந்த அப்பளங்கள் பொட்டலத்துக்குள் போகவில்லை. அக்கம்பக்கத்து வீடுகளுக்குப் போயின. நஷ்டமே வந்தாலும் நன்கொடைக்குக் கை நீட்டுவதில்லை என்றும் தீர்மானித்தார்கள். முதல் வருஷ விற்பனை 6,196 ரூபாய்.

'லிஜ்ஜத்' என்ற பெயர் பிறகு வந்தது. குஜராத்தியில் 'ருசி' என்று பொருள். இன்று 40,000-க்கு மேற்பட்ட பெண்கள் அதில் அங்கத்தினர்கள். காலையில் நிலையத்துக்கு வந்து பிசைந்த மாவை வாங்கிப் போகிறார்கள். வீட்டில் இட்டு உலர்த்தி, மறு நாள் கொண்டு வந்து நிறுத்துக் கொடுத்துக் கூலி பெறுகிறார்கள். சேர வருகிறவர் வீட்டில் சுத்தமான இடம் இருக்கிறதா என்று முதலில் பார்ப்பது வழக்கம். எல்லோருக்கும் 'பென்', அதாவது சகோதரி, என்றுதான் அழைப்பு. அத்தனை பேரும் முதலாளிகள்! ஜஸ்வந்திபென்னுக்கு 2021-ல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

அவர்கள் அப்பளம் நம்முடையது போல் எண்ணெயில் பூரித்து எழுவதற்காகச் செய்ததல்ல. தணலில் வாட்டி, மிளகுக் காரத்தோடு கடிப்பது. ஆனாலும் அதை இடுகிற கை நம் வீடுகளிலும் இருக்கிறது. "எனக்கு என்ன தெரியும், சமையல்கட்டைத் தவிர?" என்று அலுத்துக்கொள்ளும் சகோதரி யாராவது உங்கள் வீட்டில் இருந்தால், இந்தக் கிர்காம் மாடியைப் பற்றிச் சொல்லுங்கள். தெரிந்த வேலை பாதி மூலதனம். மழைக் காலத்தில் கட்டிலுக்கடியில் ஸ்டவ்வை வைக்கத் தோன்றுகிறதே, அது மீதிப் பாதி!