தகடும் தரகும்

பழைய மோட்டார் காரை விற்பதில் கிடைக்கும் ஆதாயத்தின்மீது 18 சதவீதம் வரி விதிப்பதென்று, 2024 டிசம்பரில் ஜெய்சல்மர் நகரத்தில் கூடிய ஜி.எஸ்.டி. மன்றம் தீர்மானித்த செய்தி பத்திரிகைகளில் வெளியானபோது, எங்கள் எட்டயபுரத்துத் தேநீர்க் கடைகளில் அதைப் பற்றி நடந்த விவாதம் தேர்தல் காலத்து விவாதங்களையும் மிஞ்சிவிட்டது. பன்னிரண்டு லட்சத்துக்கு வாங்கிய காரை ஒன்பது லட்சத்துக்கு விற்றால், நஷ்டப்பட்ட மூன்று லட்சத்துக்கும் வரி கட்ட வேண்டுமாம் என்று ஒருவர் ஆவேசமாகச் சொல்ல, அப்பேர்ப்பட்ட காரில் ஏறியும் இராத பலர் அவரோடு சேர்ந்து கொதித்தார்கள். உண்மையில் அந்த வரி பதிவு பெற்ற வியாபாரிகளுக்கு மட்டுமே உரியது. அதுவும் லாபம் என்று ஒன்று நின்றால்தான். தனிமனிதர் ஒருவர் மற்றொருவருக்கு விற்பதை அது தீண்டுவதேயில்லை. அந்த விளக்கத்தைக் கேட்கும் பொறுமை அங்கே யாருக்கும் இருக்கவில்லை. எனக்கோ வேறொரு கேள்வி எழுந்தது: பழைய காரில் லாபம் உண்டென்றால் அது எந்த இடத்தில் உற்பத்தியாகிறது, யார் கையில் போய்ச் சேருகிறது?

மலிவான பழைய கார்களை வாங்கிச் செப்பனிட்டு, ஆசை தீரும் வரையில் ஓட்டி, பிறகு விற்றுவிடும் பழக்கம் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற நாள் முதலாக என்னைப் பற்றிக்கொண்டிருப்பதால், இந்தக் கேள்விக்கு விடை தேடி நான் வெகுதூரம் போக வேண்டியிருக்கவில்லை. கோவில்பட்டி நண்பரொருவர் அறிமுகம் செய்துவைத்த மேஸ்திரியின் தகரக் கொட்டகைக்குப் போய் உட்கார்ந்தாலே போதும்.

எட்டயபுரத்துக்கும் யந்திரத்துக்கும் உள்ள உறவு பழமையானது, அவ்வளவாகச் சுகப்படாதது. யந்திர நுட்பங்களில் மோகம் கொண்ட சின்னசாமி ஐயர் இவ்வூரில் பருத்தி அரவை ஆலை தொடங்கிப் பொருளையெல்லாம் இழந்தார் என்பது, அவருடைய புதல்வர் பாரதியாரின் சரித்திரத்தைப் படித்தவர்கள் அனைவரும் அறிந்ததே. கரிசல் மண்ணும் மோட்டார் வாகனத்துக்குச் சிநேகிதனல்ல. கோடையில் அதன் புழுதி ஏர் பில்ட்டரை அடைத்து இன்ஜினைத் திணற அடிக்கும். ஐப்பசி அடைமழையில் அதே மண் களியாகிச் சக்கரத்துக்கு மேலே மட்கார்டின் உட்புறத்தில் அப்பிக்கொண்டு, வெளியே காய்ந்த பிறகும் உள்ளே ஈரத்தைக் காத்துவைத்து, ஒருவர் கண்ணுக்கும் தெரியாமல் தகட்டைத் தின்னும். ஆனாலும் தூத்துக்குடி உப்பளக் காற்றில் நின்ற வண்டிக்குக் கரிசல் காட்டு வண்டி எவ்வளவோ தேவலை என்பது மேஸ்திரியின் தீர்மானமான அபிப்பிராயம். கடற்கரை வண்டி என்று தெரிந்தால் விலையைக் கேட்பதற்கு முன்பே குனிந்து அடித்தளத்தைப் பார்ப்பார்.

எங்கள் ஊரின் சனிக்கிழமை ஆட்டுச் சந்தை தென்மாவட்டங்களில் பிரசித்தமானது. பக்ரீத்துக்கும் தீபாவளிக்கும் முந்தின வாரங்களில் அங்கே புரளும் பணத்துக்குக் கணக்கில்லை. அந்தச் சந்தையில் விடியற்காலையில் ஆட்டுக்குத் தரகு பேசிய அதே வாய், வெயில் ஏறிய பிறகு காருக்கும் தரகு பேசும். அதன் பரிபாஷையே தனி. 'டாக்டர் வண்டி' என்றால் பத்திரமாக ஓட்டப்பட்டது என்று பொருள். தரகர்கள் சொல்வதையெல்லாம் நம்பினால், இந்த ஜில்லாவிலுள்ள டாக்டர்கள் ஆளுக்கு இருபது கார் வைத்திருந்தவர்களாக இருக்க வேண்டும். "இன்ஜின்ல கையே வைக்கல, அண்ணாச்சி, ஏசி சில்லுனு இருக்கும், இன்சூரன்ஸ் கரண்ட்டு, நாலு டயரும் புதுசு" என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிட்டு, "பாத்து ஒரு வெலை சொல்லுங்க" என்று சுமையை நம் தலையில் இறக்கிவைப்பார்கள்.

நான் கடைசியாக வாங்கியது மாருதி 800. இந்திரா காந்தி அம்மையார் 1983 டிசம்பர் 14 அன்று முதல் வண்டியின் சாவியை அதன் சொந்தக்காரரிடம் கொடுத்துத் தொடங்கிவைத்த அந்தச் சிறு கார், 2014 ஜனவரியில் உற்பத்தி நின்றுபோனது. அதே ஆண்டு மே மாதத்தில் வங்காளத்து உத்தரபாராவில் அம்பாஸடரும் நின்றது. இரண்டும் இன்னும் எங்கள் பக்கத்துச் சாலைகளில் ஓடிக்கொண்டிருப்பதற்கு, உதிரி பாகம் கிடைப்பது ஒரு காரணம். மேஸ்திரி போன்றவர்கள் உயிரோடிருப்பது மற்றொன்று.

வண்டியைப் பரீட்சை செய்ய அவர் கொண்டுவந்த சாதனம், பழைய ஒலிபெருக்கியிலிருந்து கழற்றி எடுத்துத் துணியில் முடிந்துவைத்த ஒரு காந்தம். வர்ணத்தில் கீறல் விழாதபடி அதைக் கதவின்மீதும் மட்கார்டின்மீதும் மெல்ல நகர்த்திக்கொண்டே போனார். தகடு இருக்கும் இடத்தில் காந்தம் இழுக்கும். நசுங்கல்மேல் விரல் கனத்துக்குப் பட்டி பூசி மூடியிருந்தால் இழுப்பு அற்றுப்போகும். இடது பக்கத்து இரண்டு கதவுகளிலும் அது பிடிக்காமல் வழுக்கிக் கீழே இறங்கியபோது, டாக்டர் வண்டி என்று சொல்லிக்கொண்டிருந்த தரகர் செல்போனைக் காதில் வைத்துக்கொண்டு தள்ளிப் போய்விட்டார்.

அதன் பிறகு மேஸ்திரி சீட் பெல்ட்டைக் கடைசி வரையில் வெளியே இழுத்தார். 2023 டிசம்பர் வெள்ளத்துக்குப் பின் அவர் கைக்கொண்ட வழக்கம் அது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 94 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டிய அந்த வெள்ளத்தில் தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களில் முழுகிய கார்கள் சில, கழுவித் துடைக்கப்பட்டு, வாசனைத் தைலம் தெளிக்கப்பட்டு விற்பனைக்கு வந்தன. மிதியடிகளை மாற்றிவிடலாம்; மெத்தைக்கு உறை போட்டுவிடலாம்; சுருளுக்குள் மடங்கிக் கிடக்கும் பெல்ட்டின் அடிப்பகுதியில் நீர்மட்டம் வரைந்த சேற்றுக் கோட்டை மாத்திரம் பெரும்பாலும் யாரும் கழுவ நினைப்பதில்லை. எங்கள் வண்டியின் பெல்ட் சுத்தமாக இருந்தது. ஆயில் மூடியைத் திறந்தபோது உட்புறத்தில் மோர்போல வெண்மையாக ஏதாவது படிந்திருக்கிறதா என்றும் பார்த்தார். இருந்தால், ஹெட் கேஸ்கெட் போய்த் தண்ணீர் ஆயிலோடு கலக்கிறது என்று அர்த்தம். அதுவும் இல்லை. மீட்டர் காட்டிய கிலோமீட்டரை அவர் ஏறிட்டும் பார்க்கவில்லை. பிரேக் பெடலின் ரப்பர் தேய்ந்திருக்கும் லட்சணத்தைப் பார்த்துவிட்டு, "ரெண்டு தரம் சுத்தி வந்திருக்கு" என்றார். கதவுகளைக் காட்டி விலையைக் குறைத்து, நாற்பதாயிரத்துக்குச் சற்று மேலே பேரம் முடிந்தது.

இனி அவருடைய டாலியைப் பற்றிச் சொல்ல வேண்டும். டிங்கர் வேலைக்காரர்கள் இடது கையில் பிடிக்கும் இரும்புக் கட்டிக்கு அந்தப் பெயர். கடைகளில் விதவிதமாக விற்கிறார்கள். இவருடையதோ ரயில் தண்டவாளத்தின் துண்டொன்றைத் தேய்த்துச் செய்தது. ஒரு முகம் தட்டை, ஒரு முகம் வளைவு, ஓரம் மழுங்கிய கூர். உள்ளங்கை படும் இடம் பல ஆண்டு உபயோகத்தில் வழவழப்பேறிப் பளபளக்கிறது. தகட்டின் பின்னே டாலியை அணைத்துப் பிடித்து, முன்னே சுத்தியலால் தட்டுவதுதான் வேலை என்று பார்க்கிறவனுக்குத் தோன்றும். சுத்தியல் நேராக டாலியின்மேல் விழுந்தால் தகடு இரண்டு இரும்புக்கும் இடையில் நசுங்கி மெலிந்து விரியும். டாலிக்குச் சற்றே அப்பால் விழுந்தால் மேடு தாழ்ந்து பள்ளம் எழும். கற்றுக்குட்டி எப்பொழுதும் நேராகவே அடிப்பான். விரிந்த தகடு போக இடமின்றி, விரலால் அழுத்தினால் டப்டப்பென்று உள்ளும் புறமும் குதித்துக்கொண்டிருக்கும். அதை மறுபடி சுருக்க, காசளவு இடத்தைக் கேஸ் நெருப்பில் சிவக்கக் காய்ச்சி, சுற்றிலும் மெதுவாகத் தட்டி, ஈரத்துணியால் சட்டென்று குளிரவைக்க வேண்டும். மேஸ்திரி அதைச் செய்கையில் பேசமாட்டார். பேசினாலும் கேட்காது, நாற்பது வருஷத்துச் சுத்தியல் சத்தத்தில் அவருடைய வலது காது மந்தமாகிவிட்டது.

"எப்படி நசுங்குச்சுன்னு முதல்ல பாக்கணும், சார். கடைசியா எது மடிஞ்சதோ அதைத்தான் முதல்ல எடுக்கணும். வந்த வழியே திருப்பி அனுப்பணும். அதை விட்டுட்டு நடுவுல கைய வச்சா, தகடு எங்கெங்கேயோ போயிரும்" என்றார்.

எட்டு வயதில் அவர் போனது பள்ளிக்கூடத்துக்கல்ல, தீப்பெட்டி ஆபீசுக்கு. அக்காலத்தில் விடிவதற்கு முன்பே ஆபீஸ் பஸ் கிராமத்துக்கு வந்து குழந்தைகளை ஏற்றிக்கொண்டு போகும். சட்டங்களில் குச்சி அடுக்கி, எண்ணிக்கைக்குக் கூலி வாங்கிக்கொண்டு இருட்டிய பிறகு திரும்புவார்கள். தகப்பனார் பிறருடைய மானாவாரி நிலத்தை வாரத்துக்கு உழுதவர். மழை பொய்த்த வருஷங்களில் வீட்டுக்கு வந்தது குச்சி அடுக்கிய காசுதான். இவருக்குக் குச்சியில் மனம் செல்லவில்லை. அழைத்துப்போகும் பஸ்ஸின் அடியில் படுத்து வேலை செய்கிறவனைப் பார்த்துக்கொண்டே வளர்ந்து, பதினான்காவது வயதில் வீட்டில் சொல்லாமல் மதுரைக்குப் போய் ஒரு பட்டறையில் சோற்றுக்கு மாத்திரம் கையாளாகச் சேர்ந்தார். அம்பாஸடர் வாடகைக் கார்களின் கனத்த தகட்டில் கை பழகியது. சென்னையில் உற்பத்தியான ஸ்டாண்டர்டு ஹெரால்டைப் பற்றிப் பேசும்போது இன்றும் அவர் முகம் மலர்கிறது: பானெட்டும் இரண்டு மட்கார்டும் ஒன்றாய்ச் சேர்ந்து முன்பக்கமாகத் திறந்துகொள்ள, இன்ஜின் முழுவதும் வெட்டவெளியில் நிற்குமாம். பின்னர் மாருதி வந்தபோது, பெருவிரலுக்கே அமுங்கும் தகட்டைக் கண்டு மேஸ்திரிமார்கள் சிரித்தார்களாம். "சிரிச்சவங்க எல்லாம் பட்டறைய மூடிட்டாங்க. மெல்லிசுத் தகட்டுக்கு மெல்லிசா அடிக்கணும்னு நான் கத்துக்கிட்டேன்." அவருடைய புதல்வர் ஒரகடத்தில் ஒரு கார்த் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறார், அங்கே தகடுகளை இயந்திரக் கைகளே பற்றவைக்கின்றனவாம்.

கதவுகள் இரண்டும் டாலியிலிருந்து மீண்டபோது, பட்டி காகிதக் கனத்துக்குமேல் தேவைப்படவில்லை. அதற்குப் பின் நடந்த வர்ண வேலையைப் பற்றி நான் எழுதப்போவதில்லை. தின்னர் நெடி என் தலைக்கு ஆகாது. மேலும், வெள்ளையில் எத்தனை வெள்ளை உண்டு என்ற சாஸ்திரம் எனக்கு எந்நாளும் விளங்கியதில்லை.

லாபத்தின் கதைக்கு வருவோம். இந்த வியாபாரத்தில் தரகர் விற்கிறவனிடம் ஒரு கை, வாங்குகிறவனிடம் ஒரு கை என்று இருபுறமும் பெறுகிறார். போதாதற்கு, இருவரையும் நேரில் பேசவிடாமல், சொன்ன விலைக்கும் கேட்ட விலைக்கும் இடையிலுள்ள தொகையையும் தாமே வைத்துக்கொள்கிறார். கதவுக்கு இவ்வளவு என்று கூலி பேசி, வெயிலில் வாரக்கணக்கில் குந்தியிருந்து, குப்பையில் போட வேண்டிய தகட்டுக்கு உயிர் கொடுத்தவனுக்கு, அந்த உயிரின் விலையில் ஒரு காசு பாத்தியதை இல்லை. இது அநியாயம் என்று சொல்வதற்குப் பொருளாதார நூல் படித்திருக்க வேண்டுமா? இதைக் காட்டிலும் கொடியது அவர்கள் 'ஓப்பன்' என்று அழைக்கும் ஏற்பாடு. விற்கிறவரிடம் 29, 30ஆம் எண் படிவங்களில் தேதியும் வாங்குபவர் பெயரும் இல்லாமல் கையெழுத்து வாங்கிவிடுகிறார்கள், கார் அந்த வெற்றுக் காகிதத்தோடு நான்கைந்து கை மாறும், ஆர்.சி. புத்தகத்தில் மட்டும் முதல் மனிதர் பெயரே நிற்கும். மாநிலத்துக்குள் விற்றால் 14 நாட்களுக்குள் தெரிவிக்க வேண்டுமென்று 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் சொல்வதை யார் லட்சியம் செய்கிறார்கள்? இப்படிக் கைமாறிக் கைமாறிப் போன ஒரு கார் விபத்துக்குள்ளான வழக்கில், நஷ்ட ஈட்டுக்குப் பொறுப்பாளி பதிவேட்டில் பெயருள்ளவரே என்று 2018 பிப்ரவரியில் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. காரை விற்று, காசையும் செலவழித்து, அதை மறந்தும் போன மனிதரின் வாசலுக்கு ஒருநாள் நோட்டீஸ் வரும். தரகர் வீட்டுக்கு வராது, அவர் பெயர்தான் எந்தக் காகிதத்திலும் இல்லையே! பழைய வாகன வியாபாரிகள் போக்குவரத்து அலுவலகத்தில் அதிகாரச் சான்று பெற வேண்டும், வண்டி தம் கைக்கு வந்ததைப் பதிவு செய்ய வேண்டும் என்று 2023 ஏப்ரல் முதல் விதி அமலில் இருக்கிறது. எங்கள் தரகரிடம் அதைப் பற்றிக் கேட்டேன். "அது மெட்ராஸ்காரங்களுக்கு, அண்ணாச்சி" என்றார்.

என்னுடைய வண்டிக்குப் பதினைந்து வருஷப் பதிவு முடிந்திருந்தது. அதைப் புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆக உயர்ந்ததிலிருந்து, நாற்பதாயிரத்து வண்டிக்காரனுக்கு அது லேசான செலவல்ல. பலர் 'ஓப்பன்' வலையில் விழுவதற்கு இதுவும் ஒரு காரணம் என்பதை அரசாங்கம் யோசிக்கலாம். சேஸ் நம்பர்மேல் காகிதம் வைத்துப் பென்சிலால் தேய்த்து அச்செடுப்பதையும் மேஸ்திரியே செய்தார். அந்த எண்ணுக்குப் பக்கத்தில் எவ்வளவு துரு இருந்தாலும் தாம் சுத்தியல் வைப்பதில்லை என்றும், வைத்தால் திருட்டு வண்டி என்று சந்தேகம் வந்துவிடும் என்றும் விளக்கினார்.

வாங்க வந்தவர் விளாத்திகுளம் பக்கத்து மிளகாய் வியாபாரி. தரகரின்றி வந்தவர், மேஸ்திரி சொல்லக் கேட்டு வந்தவர். பெயர் மாற்றிய பிறகே சாவி என்று நான் சொன்னதும் முதலில் கொஞ்சம் முகம் சுளித்தார். கோவில்பட்டி அலுவலகத்துக்கு இருவரும் சேர்ந்தே போனோம். செலவெல்லாம் கழித்துக் கையில் ஒரு தொகை மிஞ்சியது. அதில் பாதி நியாயமாக உங்களுக்குச் சேர வேண்டியது என்று கொட்டகையில் மேஸ்திரிமுன் வைத்தபோது அவர் அதைத் தொடவில்லை.

"லாபத்துல பங்கு வாங்குனா நட்டத்துலயும் பங்கு வரும், சார். எங்கப்பா வாரத்துக்கு உழுது பாத்தவருதான். எனக்குக் கூலி போதும். ரெண்டு கதவுல பின்கதவுக்குப் பாக்கி நிக்கிது, அதை மட்டும் குடுத்திருங்க" என்றார்.