மில் இருந்த மண்

மும்பைக்குப் போகிறவர்கள் கையில் ஒரு பட்டியல் தயாராக இருக்கும். கேட்வே ஆஃப் இந்தியா, மகாலக்ஷ்மி கோயில், சித்தி விநாயகர், எலிபெண்டா குகை, கடைசியில் ஜுஹு கடற்கரையிலே ஒரு தட்டு பேல்பூரி. இந்தத் தடவை நான் அந்தப் பட்டியலைத் தூர வைத்துவிட்டு, பழைய பஞ்சாலைகள் இருந்த இடங்களைப் பார்த்துவிட்டு வந்தேன். "அங்கே என்னடி இருக்கு பார்க்க?" என்று மாதுங்காவில் நாற்பது வருஷமாகக் குடியிருக்கும் என் அக்காவே கேட்டாள்.

காரணம் அக்காவின் பெண்தான். அவளுக்கு லோயர் பரேலிலே வேலை. ஆபீஸ் இருப்பதே ஒரு பழைய மில் வளாகத்தில். மூன்று வயசுக் குழந்தையை வைத்துக்கொண்டு தினமும் தாணேயிலிருந்து ரயிலில் இடிபட்டு வர முடியவில்லை என்று, பக்கத்திலேயே இன்னொரு மில் நிலத்தில் எழும்பும் அடுக்குமாடியிலே வீடு பார்த்துக்கொண்டிருந்தாள். வழவழவென்று ஒரு விளம்பரப் புத்தகத்தைக் காட்டினாள். நீச்சல் குளம், தோட்டம், குழந்தைகள் விளையாட மணல் மேடை, எல்லாம் படத்தோடு போட்டிருந்தது. 'இந்த மண்ணிலே முன்னாலே என்ன நடந்தது?' என்பதற்கு மட்டும் ஒரு வரி இல்லை. சரி, நாமே போய்ப் பார்த்துவிடலாம் என்று கிளம்பினோம்.

ஊரே மில்!

காவஸ்ஜி டாவர் என்ற பார்ஸி வியாபாரி 1854ல் கம்பெனி தொடங்க, 1856ல் தார்தேவில் பம்பாயின் முதல் பஞ்சாலை ஓட ஆரம்பித்தது. அப்புறம் பைகுலா, பரேல், லால்பாக், வர்லி என்று மில்கள் பெருகிக்கொண்டே போயின. இந்த வட்டாரத்துக்கே 'கிரண்காவ்' என்று பெயர். மராட்டியில் 'கிர்ணி' என்றால் மில், 'காவ்' என்றால் ஊர். கொங்கணக் கரையிலிருந்தும் சாத்தாரா பக்கத்திலிருந்தும் வந்த ஆண்கள், பத்தடிக்குப் பத்தடி அறையிலே ஷிப்டு முறையில் தூங்கி எழுந்து வேலைக்குப் போனார்கள். ஒருவன் எழுந்த பாயில் இன்னொருவன் படுப்பான். சங்கு ஊதினால் தெரு நிறைந்துவிடுமாம்.

மில்லுக்குள்ளே பஞ்சுத் தூசி. வருஷக்கணக்கில் அதைச் சுவாசித்தவர்களுக்கு நெஞ்சு இறுகும், மூச்சுத் திணறும். லீவு முடிந்து வேலைக்குத் திரும்புகிற முதல் நாளில் அதிகம் படுத்தும். 'பிஸினோஸிஸ்' என்று டாக்டர்கள் இதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள்.

1982 ஜனவரி 18ந் தேதி, தத்தா சாமந்த் தலைமையில் சுமார் இரண்டரை லட்சம் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். அதை முறையாக யாரும் முடித்து வைக்கவேயில்லை. திரும்பப் போனவர்களில் பல பேருக்கு வேலை இல்லை. மில்கள் ஒவ்வொன்றாக மூடின. நகரத்தின் நட்டநடுவில் சுமார் 600 ஏக்கர் நிலம் மிச்சமாக நின்றது.

அன்னம் போட்டவர்கள்

லால்பாக்கிலே மிளகாய் மசாலா அரைக்கும் கடைகள் வரிசையாக இருக்கின்றன. கோடையில் வருஷத்துக்கு வேண்டிய மசாலாவை அரைத்துக்கொண்டு போக, பெண்கள் டப்பாவும் கையுமாக நிற்பார்கள். அங்கே அக்கா பெண்ணுக்குப் பழக்கமான ஒரு மாவ்ஷியைச் சந்தித்தோம். (மாவ்ஷி என்றால் அம்மாவின் சகோதரி. அங்கே வயசான பெண்களை மரியாதையாக அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்.) மாவ்ஷி ஒரு காலத்தில் 'காணாவள்' நடத்தியவர். அதாவது, தன் ஒற்றை அறை வீட்டிலேயே மில் தொழிலாளிகளுக்கு மாதக் கணக்கில் சாப்பாடு போட்டவர். இப்படிப்பட்ட பெண்களுக்கு வங்கிக் கடன் வாங்கிக் கொடுத்து வட்டிக்காரர்களிடமிருந்து விடுவிக்க, 1975ல் பிரேமா புராவ் என்ற அம்மையார் 'அன்னபூர்ணா மகிளா மண்டல்' தொடங்கினார் என்பது பெண்கள் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம்.

மாவ்ஷி பேசியதை அக்கா பெண் எனக்குத் தமிழில் சொன்னாள். "இருபது பேருக்குப் பொங்கிப் போட்டேன். வேலைநிறுத்தம் வந்ததும் பாதிப் பேர் பாக்கியை நோட்டிலே எழுதச் சொல்லிட்டு ஊருக்குப் போனாங்க. அந்த நோட்டு இன்னும் என்கிட்டே இருக்கு." அப்புறம் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "எதிரே மில்லை இடிச்சபோது ஒரு மாசம் ஜன்னலையே திறக்கலே. துவைச்சுக் காயப் போட்ட துணி மேலே எல்லாம் வெள்ளைத் தூள்" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பழைய மில்களின் கூரை பல இடங்களில் ஆஸ்பெஸ்டாஸ் தகடு. பாய்லரையும் நீராவிக் குழாயையும் சுற்றிப் போர்த்தியிருந்ததும் பெரும்பாலும் அதுதான். முழுசாகக் கிடக்கும் வரை அது அவ்வளவு தொந்தரவு செய்வதில்லை. தண்ணீர் தெளிக்காமல் உடைத்தால், கண்ணுக்குத் தெரியாத நார்கள் காற்றில் கலக்கும். நுரையீரலில் போய் உட்கார்ந்து, இருபது முப்பது வருஷம் கழித்துக்கூடப் புற்றுநோயாக வெளிப்படலாம். மாவ்ஷி வீட்டுத் துணியில் படிந்தது வெறும் சுண்ணாம்பாகவும் இருந்திருக்கலாம். ஆனால் அது என்ன தூள் என்று அன்று பரிசோதித்துச் சொல்ல ஒருவரும் வரவில்லையே!

மண்ணுக்குள் என்ன?

மில் நிலத்தில் வீடு கட்டலாமா என்றால், தாராளமாகக் கட்டலாம். உலகம் முழுக்கக் கட்டுகிறார்கள். அதற்கு முன்னால் நிலத்துக்கு ஒரு 'உடல் பரிசோதனை' வேண்டும், அவ்வளவுதான்.

டாக்டர் முதலில் என்ன செய்கிறார்? பழைய கதையைக் கேட்கிறார். நிலத்துக்கும் அதே முறைதான். பழைய வரைபடங்களை எடுத்து, சாயப்பட்டறை எங்கே இருந்தது, எண்ணெய்த் தொட்டி எங்கே புதைந்திருக்கிறது, பாய்லர் சாம்பலை எங்கே கொட்டினார்கள், டிரான்ஸ்ஃபார்மர் எங்கே நின்றது என்று குறிக்க வேண்டும். அங்கே வேலை செய்த பெரியவர்களைக் கேட்டால் இன்னும் நிறையத் தெரியவரும். அடுத்த கட்டம், சந்தேகப்பட்ட இடங்களில் துளை போட்டு மண்ணையும் நிலத்தடி நீரையும் எடுத்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புவது. சாயத்திலிருந்து குரோமியம், பழைய பெயிண்டிலிருந்து ஈயம், டிரான்ஸ்ஃபார்மர் எண்ணெயிலிருந்து பி.சி.பி. என்ற விஷப் பொருள், இவையெல்லாம் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். இருந்தால் அந்த மண்ணைத் தோண்டி அப்புறப்படுத்தலாம், அல்லது மேலே கனமாக மூடிவிடலாம். ஈயம் விஷயத்தில் குழந்தைகளுக்குத்தான் ஆபத்து அதிகம். மண்ணிலே விளையாடி, அதே கையை வாயில் வைப்பவர்கள் அவர்கள்தானே!

அன்றைக்குச் சாயங்காலம் அந்தக் கட்டட விற்பனை ஆபீசுக்குப் போனோம். ஏ.ஸி. அறை, காப்பி, பழரசம், உபசாரம் எல்லாம் பலம். "மண் பரிசோதனை செய்தீர்களா?" என்று அக்கா பெண் கேட்டாள். "ஓ, செய்தாச்சு மேடம்!" என்று ரிப்போர்ட்டையே எடுத்துக் காட்டினார் அந்தப் பையன். அவளும் தலையாட்டிவிட்டாள். நான் வாங்கிப் புரட்டினேன். எத்தனை அடியில் பாறை வருகிறது, மண் எவ்வளவு பாரம் தாங்கும் என்று முழுக்க அஸ்திவாரக் கணக்கு. மண்ணிலே விஷம் உண்டா என்பதற்கு ஒரு பக்கமும் இல்லை.

சகோதரிகளே, இதை நன்றாக மனசில் வையுங்கள். கட்டடம் தாங்குமா என்று பார்ப்பது ஒரு பரிசோதனை. குழந்தை விளையாடலாமா என்று பார்ப்பது வேறு பரிசோதனை. இரண்டுக்கும் பேச்சிலே 'மண் டெஸ்ட்' என்றே சொல்லிவிடுகிறார்கள்.

2006ஆம் வருஷத்துச் சுற்றுச்சூழல் அறிவிக்கையின்படி, 20,000 சதுர மீட்டரும் அதற்கு மேலும் உள்ள கட்டடங்களுக்கு முன் அனுமதி வாங்க வேண்டும் என்று சட்டம் வந்தது. ஆனால் தொழிற்சாலைகளுக்கு வைப்பது போல ஊராரைக் கூட்டிக் கருத்துக் கேட்கும் கூட்டம் கட்டடங்களுக்கு வேண்டாம் என்று அதிலேயே விலக்கும் கொடுத்துவிட்டார்கள். மாவ்ஷி மாதிரி ஒருவர் எழுந்து நின்று 'வெள்ளைத் தூள் விழுந்தது' என்று சொல்ல ஒரு மேடை இல்லாமல் போனது இதனால்தான். விஷம் கலந்த நிலங்களைக் கண்டுபிடித்துச் சுத்தம் செய்வதற்கென்று மத்திய அரசு தனி விதிகள் கொண்டுவந்தது 2025ல்தான்.

மூன்று பங்கு

மில் நிலம் யாருக்குச் சேர வேண்டும் என்பதற்கு 1991ல் ஒரு விதி இருந்தது. மில்லை இடித்துக் கட்டினால் நிலத்தை ஏறக்குறைய மூன்று பங்கு போட வேண்டும். ஒன்று பூங்கா, மைதானத்துக்காக மாநகராட்சிக்கு, ஒன்று எளியவர்களின் வீடுகளுக்கு, ஒன்று சொந்தக்காரருக்கு. 1996ல் கட்டடக் கலைஞர் சார்ல்ஸ் கொரியா தலைமையிலான குழு, எல்லா மில் நிலத்தையும் சேர்த்து ஒரே திட்டமாக யோசிக்கச் சொன்னது.

2001ல் விதியைத் திருத்தினார்கள். மில் கட்டடம் நின்ற நிலத்தைக் கணக்கில் சேர்க்காமல், காலியாகக் கிடந்த இடத்தை மட்டும் மூன்று பங்காக்கினால் போதும் என்றார்கள். வீடு, கொட்டில், கிணறு எல்லாம் அண்ணனுக்கு, கொல்லையில் காலியாகக் கிடக்கிற மூலையை மட்டும் மூன்று பேரும் பிரித்துக்கொள்ளுங்கள் என்றால் எப்படி இருக்கும்? வழக்கு நடந்தது. 2005ல் மும்பை உயர் நீதிமன்றம் சுற்றுச்சூழல் அமைப்பின் பக்கம் தீர்ப்புச் சொன்னது. 2006ல் உச்ச நீதிமன்றம் அதை மாற்றிவிட்டது.

பலனைக் கண்ணாலேயே பார்க்கலாம். ஃபீனிக்ஸ் மில் பெரிய கடைவீதியாகிவிட்டது. பழைய புகைபோக்கி மட்டும் அழகுக்காக நிற்கிறது. கமலா மில் வளாகத்தில் ஆபீசுகளும் ஓட்டல்களும். 2017 டிசம்பர் 29ந் தேதி நள்ளிரவுக்குப் பின் அங்கே மொட்டைமாடி விடுதியில் பிடித்த தீயில் 14 பேர் இறந்தார்கள். அதற்கு மூன்று மாதம் முன்னால், பக்கத்து எல்ஃபின்ஸ்டன் ரோடு ஸ்டேஷனின் குறுகிய நடைப்பாலத்தில் நெரிசலில் சிக்கி 20க்கும் மேற்பட்டவர்கள் உயிரிழந்தார்கள். மில் ஆட்கள் தெருவோடு நடந்து வேலைக்குப் போனார்கள். அதே இடத்துக்கு இப்போது தூரத்திலிருந்து ரயிலில் வந்து இறங்குகிறவர்களைப் பாலம் தாங்குமா என்று முன்கூட்டியே கணக்குப் பார்ப்பதும் சுற்றுச்சூழல் ஆய்வில் சேர்ந்ததுதானே?

மழைக்கும் இடம் வேண்டும். 2005 ஜூலை 26ல் சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லி மீட்டர் கொட்டியதை மும்பைக்காரர்கள் மறக்கமாட்டார்கள். மில்களின் திறந்த வெளியும், சில மில்களில் இருந்த குளங்களும் தண்ணீரை வாங்கிக்கொண்டன. இப்போது பரேல் பக்கத்து ஹிந்த்மாதா பள்ளத்தில் வெள்ளம் நிற்காமலிருக்க, மாநகராட்சி பூங்காவுக்கும் மைதானத்துக்கும் அடியில் பெரிய தொட்டிகள் கட்டியிருக்கிறது.

தொழிலாளிகளுக்கும் ஏதோ கிடைத்தது. 2012ல் ஏழாயிரத்துக்குச் சற்றுக் குறைவான வீடுகளுக்குக் குலுக்கல் நடந்தது. விண்ணப்பித்தவர்களோ ஒரு லட்சத்துக்கும் மேல்! காணாவள் நடத்திய பெண்கள் மில்லின் சம்பளப் பட்டியலில் இல்லாததால் வரிசையிலேயே நிற்க முடியவில்லை.

வீடு வாங்குமுன் கேளுங்கள்

நம் ஊரிலும் பெரம்பூர் பி அண்ட் சி மில் நிலத்தில் அடுக்குமாடிகள் எழுந்துவிட்டன. கோவையிலும் புதுச்சேரியிலும் மூடிய மில்கள் இருக்கின்றன. அதனால் இது மும்பைக் கதை மட்டும் இல்லை. பழைய ஆலை நிலத்தில் வீடு வாங்கப் போகிறவர்கள் கீழ்க்கண்டவற்றைக் கூச்சப்படாமல் கேட்க வேண்டும்.

1. சுற்றுச்சூழல் அனுமதிக் கடிதத்தின் நகல். அதிலுள்ள நிபந்தனைகளைப் படியுங்கள். அவற்றை நிறைவேற்றியதாக ஆறு மாதத்துக்கு ஒரு தடவை அறிக்கை கொடுக்க வேண்டும், அதையும் கேளுங்கள்.

2. அஸ்திவாரப் பரிசோதனை போதாது. கன உலோகம், எண்ணெய் ஆகியவற்றுக்கான மண், நிலத்தடி நீர்ப் பரிசோதனை அறிக்கை வேண்டும்.

3. ஆஸ்பெஸ்டாஸை யார், எப்படி அகற்றினார்கள், எங்கே கொண்டு போட்டார்கள்?

4. தோட்டத்துக்கும் விளையாட்டு இடத்துக்கும் போட்ட மேல்மண் எங்கிருந்து வந்தது? எத்தனை அடி ஆழம்?

5. மழைத் தண்ணீர் எங்கே போகும்? அக்கம்பக்கத்தில் பழைய ஆட்களைக் கேளுங்கள். அவர்களுக்கு எல்லாம் தெரியும்.

அக்கா பெண் இந்த ஐந்தையும் எழுதி அந்த ஆபீசுக்கு அனுப்பினாள். அனுமதிக் கடிதம் வந்தது, மற்றவற்றுக்குப் பதில் இல்லை. "சித்தி, மண்ணைப் பத்தி பதில் வர்ற வரைக்கும் அட்வான்ஸ் கொடுக்கப் போறதில்லே" என்று சொல்லிவிட்டாள். மாப்பிள்ளைக்குக் கொஞ்சம் வருத்தம்தான், நல்ல விலை கைநழுவிப் போகிறதே என்று. இன்னும் தாணேயிலிருந்துதான் வந்துபோகிறார்கள். குழந்தையைத் தூக்கிக்கொண்டு ரயிலேறுவது அவளுக்குக் கஷ்டம் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அவள் செய்தது சரி என்றுதான் எனக்குப் படுகிறது.