நூல் நிலையத்தில் கதை சொன்னேன்

காரியாபட்டி மதுரையினின்று அருப்புக்கோட்டைக்குச் செல்லும் சாலையில் உள்ளது. அஃது எனது ஊர். வானத்தை நம்பிப் பருத்தியும் சோளமும் விதைக்கும் நாடு அது. கோடையில் கண்மாய்கள் வெடித்துக் கிடக்கும். சீமைக்கருவேலின் நிழலே நிழலாகும். சென்ற விடுமுறையில் வெயிலுக்கு அஞ்சி நூல் நிலையத்தில் ஒதுங்கியிருந்த என்னை நூலகர் அழைத்து, "தம்பி, நீ தமிழ் இலக்கியம் பயில்கிறவன் அல்லவா? சனிக்கிழமைதோறும் சிறு பிள்ளைகளுக்குக் கதை சொல்லலாமே" என்றார். கற்ற தமிழைக் காட்டுதற்கு ஓர் இடம் வாய்த்தது என்று மகிழ்ந்து உடன்பட்டேன்.

முதற் சனிக்கிழமை இருபது பிள்ளைகள் வரை வந்திருந்தனர். யான் எடுத்த கதை நன்று. சொன்ன முறைதான் நன்றன்று. சந்தி பிறழாது, மேடைப் பேச்சுப் போலச் சொன்னேன். பெரிய பிள்ளைகள் மரியாதைக்காகக் கேட்டிருந்தனர். வாயிலோரத்தில் ஐந்து வயதுப் பெண் குழந்தை ஒன்று, தமையனின் சட்டையைப் பற்றிக்கொண்டு, தொடக்கம் முதல் முடிவு வரை என் வாயையே நோக்கியிருந்தது. மற்றவர் நகைத்தபோதும் அது நகைக்கவில்லை. அடுத்த வாரமும் அவ்வாறே. தமையனை வினவினேன். "அவளுக்குத் தமிழ் இன்னும் சரியா வராது, அண்ணே. வீட்டிலே தெலுங்குதான்" என்றான். "பள்ளிக்கூடம் போனால் வந்துவிடும்" என்று சொல்லி அப்பால் நகர்ந்தேன்.

அங்ஙனம் நகர்ந்ததற்கு ஒரு காரணம் உண்டு. அதனை மறையாது எழுதுகின்றேன். எங்கள் வீட்டு மொழியும் தெலுங்கே. இவ்வட்டாரத்தில் தெலுங்கு பேசுவோர் பல குலத்தினராய்ப் பல தலைமுறைகளாக வாழ்கின்றனர். சிலர்க்கு அம்மொழி பெருமை. எங்கள் தெருவினர்க்கோ அஃது ஓர் அடையாளம், பிறர் செவியிற் பட்டவுடன் "எந்தத் தெரு?" என்னும் கேள்வி எழும். ஆதலின் பள்ளி நாள் முதலே அதனை வாயிற்படிக்குள் விட்டு வரப் பழகினேன். கல்லூரித் தோழர் எவரும் இதனை அறியார்.

அன்றிரவு எங்கள் அவ்வா, "என்ன கதை சொன்னாய்?" என்று கேட்டாள். அதே கதையை அவளுக்குத் தெலுங்கிற் சொன்னேன். ஐந்து நிமிடத்தில் முடிந்தது. அவள் மூன்று முறை சிரித்தாள். நூல் நிலையத்தில் அரைமணி நேரம் சொல்லியும் அச்சிரிப்பு எனக்குக் கிட்டவில்லை.

நிற்க. அவ்வாரத்தில் பூரா பெல்ப்ரே என்னும் அம்மையாரைப் பற்றிப் படிக்க நேர்ந்தது. போர்ட்டோ ரிக்கோத் தீவிற் பிறந்த அவர், 1921ஆம் ஆண்டு நியூயார்க் பொது நூல் நிலையத்திற் பணியேற்றார். அத்தீவினின்று குடியேறிய மக்கள், ஆங்கிலம் அறியாத தமக்கு அங்கே இடமில்லை என்று எண்ணி ஒதுங்கியிருந்தனர். அம்மையார் 1929 முதல் 115ஆம் தெருக் கிளையில் ஸ்பானியத்திலும் ஆங்கிலத்திலும் கதை நேரம் நடத்தினார். பொம்மைகளை ஆட்டியும் சொன்னார். தம் பாட்டியிடம் கேட்ட கதைகள் அலமாரியில் இல்லாமை கண்டு தாமே எழுதத் துணிந்தார். மார்ட்டினா என்னும் கரப்பான் பூச்சியும் பெரஸ் என்னும் எலியும் வரும் கதை 1932இல் நூலாயிற்று. 1996 முதல் அவர் பெயரால் சிறுவர் நூல்களுக்குப் பரிசு வழங்கப்படுகின்றது. "பாட்டியிடம் கேட்ட கதைகள்" என்னுமிடத்தில் நாணித் தலைகுனிந்தேன்.

இரு மொழிக் கதை நமக்கும் புதிதன்று. வீரமாமுனிவர் பரமார்த்த குருவின் கதையைத் தமிழில் எழுதி இலத்தீனிலும் பெயர்த்து வைத்தார். 1822இல் இலண்டனில் அஃது ஆங்கில மொழிபெயர்ப்புடன் அச்சேறிற்று. அக்கதையையே மூன்றாம் சனிக்கிழமைக்குத் தேர்ந்தேன்.

ஆறு விழித்திருக்கின்றதோ உறங்குகின்றதோ என்று குருவும் சீடரும் அஞ்சும் இடம் வந்தது. "நம்ம குண்டாறு எப்பவும் தூக்கந்தான்" என்றான் மணலையே கண்டு வளர்ந்த ஒரு சிறுவன். கதையைத் தமிழில் நடத்தினேன். குருவின் பேச்சையெல்லாம் தெலுங்கில், அவ்வாவின் குரலிற் பேசினேன். கரையேறி எண்ணும் இடத்தில் ஐந்து பிள்ளைகளை எழுப்பி நிறுத்தி, யானும் ஒரு சீடனாகி, "ஒகட்டி, ரெண்டு, மூடு, நாலுகு, ஐது" என்று எண்ணி, "ஐயோ! ஆறு பேர் இறங்கினோம், ஒருவரைக் காணோமே!" என்று அழுதேன். மறுபடி தமிழில் எண்ணினேன், மறுபடியும் ஐந்தே. அப்பொழுது வாயிலோரத்துக் குழந்தை ஓடிவந்து என் முழங்காலைத் தட்டி, "அன்னா, நுவ்வு!" என்று கூவிற்று. "அண்ணா, நீ!" என்பது பொருள். பிள்ளைகள் அனைவரும் "ஆறு!" என்று ஆர்த்தனர். ஆறு என்னும் எண் இரு மொழிக்கும் பொது.

அருப்புக்கோட்டையினின்று உறவினர் வீட்டிற்கு வந்திருந்த என் கல்லூரித் தோழன் ஒருவன் அங்கே நாளிதழ் படித்துக்கொண்டிருந்தான். வெளியே வந்ததும், "உனக்குத் தெலுங்கு தெரியுமா? உன் வீடு எந்தத் தெரு?" என்றான். சொன்னேன். அவன் ஒன்றும் பேசாது சைக்கிளில் ஏறிச் சென்றான். அன்றிரவு நெடுநேரம் உறக்கம் வரவில்லை. ஆயினும் சொன்னதற்கு வருந்தவில்லை.

அதன்பின் எஞ்சிய வாரங்களிற் கற்றுக்கொண்டவை சில. வாக்கியந்தோறும் மொழிபெயர்த்தல் ஆகாது. ஒரு மொழி நடக்கும்போது மற்ற மொழிக் குழந்தைகள் உறங்கிவிடுவர். கதை ஒரு மொழியிற் செல்ல, மீண்டும் மீண்டும் வரும் சொல் மற்றொன்றில் அமைதல் நன்று. விடை சொல்லுமாறு எக்குழந்தையையும் வற்புறுத்தலாகாது; பேசுதற்கு உரிய வேளையை அதுவே அறியும். தென்மொழிகள் ஓரினத்தன என்று எல்லிஸ் 1816இலும் கால்டுவெல் 1856இலும் எழுதியதைத் தேர்வுக்காக உருப்போட்டிருந்தேன். அவ்வுறவு எங்கள் வீட்டு அடுப்பங்கரையில் நாள்தோறும் ஒலித்ததை அப்பொழுதே உணர்ந்தேன்.

கடைசிச் சனிக்கிழமை அவ்வாவை அழைத்துச் சென்றேன். எழுத்தறியாத அவள் அந்நூல் நிலையத்தில் அடி வைத்தது அதுவே முதன்முறை. செருப்பைத் தெருவோரத்திலேயே கழற்றிவிட்டு, "உள்ளே வரலாமா, சாமி?" என்று நூலகரை வினவினாள். "வாங்கம்மா" என்று அவர் நாற்காலி இட்டார். அவள் பிள்ளைகளோடு தரையில் அமர்ந்து தெலுங்கிற் சொன்னாள். யான் தமிழில் உரைத்தேன். ஓரிடத்தில் ஒரு சொல்லை விட்டுவிட்டேன். அச்சிறுமி எடுத்துக் கொடுத்தாள், தமிழில்.

சென்னையில் ஒரு மிஷன் கல்லூரியில் பயின்ற ரங்கநாதன் 1931இல் வெளியிட்ட நூலக விதிகள் ஐந்தனுள் ஒன்று, ஒவ்வொரு வாசகர்க்கும் அவர்க்குரிய நூல் வேண்டும் என்பது. நூலாக அச்சேறாத கதைகளையுடையார் இன்னும் பலர். நம் கல்லூரியிலும் சௌராட்டிரமும் கன்னடமும் உருதும் தெலுங்கும் வீட்டிற் பேசுவோர் உளர். நண்பர்களே, வரும் விடுமுறையில் உங்கள் ஊர் நூல் நிலையத்திற்கு ஒரு சனிக்கிழமையேனும் சென்று கதை சொல்லுங்கள். எண்ணும்போது உங்களையும் சேர்த்து எண்ணுங்கள்.